நிழலில் போட்ட கோடு

கத்தரிக்காய் வாங்கப் போனால் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறான். செருப்பு வாங்கப் போனால் காலில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்கிறான். வீட்டு மாடியைத் துளைக்க ஒருத்தன் டிரில்லிங் மிஷினோடு வந்து நின்றால் மட்டும் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க மாட்டான். கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். இந்தக் காலத்து மனுஷனுக்கு ஏமாறுவதில் வெட்கமில்லை. ஏமாந்தது வெளியே தெரிந்தால்தான் வெட்கம்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரைப் பார்க்கப் பார்க்க, செக்கருக்கு வாயெல்லாம் கசந்தது.

செக்கர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிடப் போகாத நாள்தான் அதிகம். ஆனால் டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே எந்தக் கோணத்தில் பார்ப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. யார் சொன்னாலும் நம்பாத அந்தக் குணத்தை ஓய்வுக்குப் பிறகு வீணாக்க வேண்டாமென்று அக்கம்பக்கத்துத் திருட்டு, புரட்டு, பாகத் தகராறு என்று துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார். உதவிக்கு மகளைக் கட்டிய மாப்பிள்ளை. வேலை வெட்டி குறைவு, வாய் அதிகம், பைக் சொந்தம். மாப்பிள்ளை ஆயிற்றே, 'டா' போட முடியாது. திட்டுவதைக்கூட மரியாதை கொடுத்துத்தான் திட்ட வேண்டியிருந்தது.

"பெரியவரே, இதுல நீங்க துப்பறிய ஒண்ணுமே இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர். "இவர் மாடியில சோலார் பேனல் போட்டிருக்கார். பக்கத்து வீட்டுப் பலா மரத்தோட நிழல் மத்தியானத்துக்கு மேல அதுமேல விழுது. வெட்டுங்கன்னு மதில் மேல ஏறி நின்னு கத்தியிருக்கார். தெருவே சாட்சி. முந்தாநாள் மரம் அடியோட அறுந்து விழுந்துச்சு. கீழ ஷெட்டுல படுத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ரெண்டு காலும் நசுங்கிப் போச்சு. ஒரு காலை எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டார். மரத்தடியில கிடந்த ரம்பம் இவரோடது."

மேஜைமேல் அந்த ரம்பம் கிடந்தது. வயரும் பிளக்கும் வைத்த கரண்ட் ரம்பம்.

"அன்னைக்குப் பராமரிப்பு வேலைன்னு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ஏரியாவே கரண்ட் கட். ரம்பச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கு. கரண்ட் இல்லாத தெருவுல கரண்ட் ரம்பம் எப்படி ஓடும்? சோலார் இருக்கிற ஒரே வீடு இவரோடது. இன்னைக்குச் சாயங்காலம் கோர்ட்டுல ஒப்படைச்சிடுவேன். அப்புறம் ஜெயில்தான்."

சுவரோரம் நின்ற போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். செக்கரைக் கூப்பிட்டு வந்தது அவள்தான்.

செக்கர் போஸ்ட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க அறுத்தீங்களா?"

"நான் ஏங்க அறுக்கறேன்? தூங்கிட்டிருந்தேன்."

"ரம்பம்?"

"பெஞ்சு செய்யலாம்னு வாங்கினது. வாசப்பக்க மாடிப்படிக்குக் கீழ கிடக்கும். எவன் வேணா எடுக்கலாம்."

"அன்னைக்கு உங்க வீட்டுல கரண்ட் இருந்துச்சா?"

போஸ்ட்மாஸ்டர் இன்னும் ஒரு சுற்று நிமிர்ந்தார். "இல்லாம? சோலார் போட்டவன் வீட்டுல கரண்ட் போகுமா? தெருவே வெந்துக்கிட்டுக் கிடந்துச்சு. நான் ஜம்முனு ஃபேனைப் போட்டுப் படுத்திருந்தேன். வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"மாமா" என்று மாப்பிள்ளை காதோரம் கிசுகிசுத்தார், "தூக்குக் கயித்துக்கு இவரே கழுத்தளவு கொடுக்கறாரே."

ஃபேனைப் பற்றிச் சொல்லும்போது போஸ்ட்மாஸ்டரின் கண் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றதை செக்கர் கவனித்திருந்தார். அந்தக் கோணம் அவருக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவன்தான் டிக்கெட் விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசுவான்.

ரம்பத்தின் சங்கிலியை விரலால் தடவினார். பொடிப் பொடியாகக் காய்ந்த பலகைத் தூள். விரலைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"பலா மரத்தை அறுத்திருக்கு. பால் எங்க?"

"துடைச்சிருப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துடைச்சவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம மரத்தடியிலேயே வெச்சுட்டுப் போனாராக்கும்? பலாப்பால் சோப்புக்கே போகாது. துடைச்சவர் பழைய தூளை மட்டும் பத்திரமா விட்டு வெச்சாராக்கும்?"

"பாத்திரம் தேய்க்கிறவங்க அடியை விட்டுட்டு மேல மட்டும் தேய்ப்பாங்களே, அந்த மாதிரி" என்றார் மாப்பிள்ளை.

"உங்க வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுங்க, மாப்பிள்ளை."

அந்தத் தெருவுக்குள் பைக் நுழைய முடியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில், பாதித் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் நின்றது. மேலே பிளாஸ்டிக் உறை, கண்ணாடிக்குக் கூடத் தனி உறை. கல்யாணப் பெண்ணை மூடி வைத்த மாதிரி வைத்திருந்தார்கள்.

"யாரோட வண்டி இது?"

"பக்கத்து வீட்டு பர்னிச்சர்காரரோடது" என்றாள் ஆட்டோவில் பின்னாலேயே வந்து இறங்கிய போஸ்ட்மாஸ்டர் சம்சாரம். "அவரோட அப்பாவுக்குத்தான் காலு போச்சு. உசுரையே வெச்சிருக்கார் இதுமேல. வெயில் படக்கூடாதுன்னு எப்பவும் மரத்தடியிலதான் நிறுத்துவார்."

செக்கர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மரம் படுத்துக் கிடந்தது. தகர ஷெட் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அதை ஒட்டி இரண்டு சிமென்ட் பலகையும், அவற்றின்மேல் கறுப்பாக எண்ணெய் சொட்டிய கறையும், கறையின் மேலேயே அடிமரமும். அவர் ஸ்கூட்டரைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், காறித் துப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கூடத்துச் சீலிங்கில் மஞ்சளும் பழுப்புமாக வட்டம் வட்டமாகக் கறை. சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. ஒரு வட்டத்துக்கு நேர் கீழே பிளாஸ்டிக் டப் ஒன்று.

"சோலார் போட்டதிலேருந்துதாங்க" என்றாள் அவள். "மேல பேனலுக்குக் கால் நட்டாங்க இல்ல, அந்தத் துளை வழியா மழைத் தண்ணி இறங்குது. எத்தனை தடவை போன் பண்ணேன். சர்வீஸ் நம்பரை எடுக்கவே மாட்டேங்கறாங்க. தளம் பழசு, முதல்ல அதைச் சரி பண்ணிட்டுப் போடலாம்னு நான் சொன்னேன். உனக்கு என்ன தெரியும்னு வாயை அடைச்சிட்டார்."

"அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு மறுநாள்தான் வந்தேன். தண்ணி குடிக்கிறீங்களா?"

ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் எடுக்க மேல் கதவையும் திறந்தவள் தட்டை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். "என்ன கருமமோ, ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

செக்கர் எழுந்து போய்ப் பார்த்தார். ஐஸ் தட்டில் கட்டிகள் இல்லை. தட்டு காலியாக இருந்தது. கட்டியெல்லாம் உருகி, தட்டு விளிம்பில் வழிந்து, கீழே குட்டையாகத் தேங்கி, அங்கேயே மறுபடி உறைந்து தட்டைக் கவ்விப் பிடித்திருந்தது.

"மாப்பிள்ளை, ஐஸ் எப்ப உருகும்?"

"அத்தை கோபமா பார்த்தா உருகும்."

"கரண்ட் போனா உருகும். திரும்ப வந்தா உறையும். இந்த வீட்டுல பகல் முழுக்க ஃபேன் ஓடியிருந்தா, ஃப்ரிட்ஜ் மட்டும் எதுக்கு விரதம் இருந்துச்சு?"

மாப்பிள்ளையின் முகத்தில் கேலி போய்விட்டது. "அப்ப அந்த மனுஷன் பொய் சொல்றாரா? ஜெயிலுக்குப் போற பொய்யா?"

"அந்த சோலார்க்காரனை வரவழைங்க."

"சர்வீஸ் நம்பரை எடுக்க மாட்டான்னு இப்பத்தானே சொன்னாங்க."

"வாங்கறேன்னு கூப்பிடுங்க. பறந்து வருவான்."

சோலார்க்காரன் கொடுத்துவிட்டுப் போன அட்டையில் இருந்த விற்பனை நம்பரை மாப்பிள்ளை அழுத்தினார். மாடி பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு, உடனே போட வேண்டும் என்று அளந்துவிட்டார். டீ குடித்த டம்ளர் காய்வதற்குள் கழுத்தில் டையும் கையில் பையுமாக ஒருத்தன் வாசலில் வந்து நின்றான். போஸ்ட்மாஸ்டர் சம்சாரத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"உள்ள வாங்க தம்பி" என்றார் செக்கர். "மழை பெய்யலை. இப்போதைக்கு நனைய மாட்டீங்க."

சோலார் பெட்டி கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. செக்கர் நேராக வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சுக்குப் போய் அதைக் கீழே தள்ளினார்.

ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது. பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது.

"வெயில் மேலதான் இருக்கு" என்றார் செக்கர். "பேனலும் மேலதான் இருக்கு. கரண்ட் எங்க தம்பி போச்சு?"

டைக்காரன் தொண்டையைக் கனைத்தான். "அது... லைன்ல கரண்ட் இல்லைன்னா இதுவும் தானா நின்னுடும் சார். அப்படித்தான் அமைச்சிருக்கு. இல்லன்னா நம்ம கரண்ட் வெளி வயருக்குப் போய், கம்பத்துல ஏறி வேலை செய்யறவர் செத்துடுவார்."

"நல்ல விஷயம்தான். அப்ப கரண்ட் கட் ஆகறப்ப ஃபேன் ஓடணும்னா?"

"பேட்டரி வைக்கணும் சார். அதுக்குத் தகுந்த பெட்டியும் வேணும். இவங்களுக்கு அது இல்ல. பகல்ல வர்ற கரண்ட்டை வீடு எடுத்துக்கும், மிச்சம் லைனுக்குப் போகும், பில்லு குறையும். அவ்வளவுதான்."

"இதை அவருகிட்ட சொன்னீங்களா?"

"அவர் கேக்கலையே சார். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"மத்தியானத்துக்கு மேல மர நிழல் விழும், பாதி பேனலுக்கு வேலையே இருக்காதுன்னு?"

"அதையும் கேக்கலை. நான் காலையிலதான் வந்து பார்த்தேன். காலையில நல்ல வெயில்."

"தளம் ஒழுகுமேன்னு?"

"தளம் எங்க பொறுப்பு இல்ல சார். எல்லாம் பேப்பர்ல சின்ன எழுத்துல இருக்கும்."

"மாமா" என்றார் மாப்பிள்ளை, "நான் உங்க பொண்ணைப் பார்க்க வந்தப்ப நீங்களும் இப்படித்தான். ஒண்ணுமே சொல்லலை. நானும் கேக்கலை."

செக்கர் அவரை ஒரு பார்வை பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் நடுக் கூடத்தில் அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கரண்ட் இல்லாம புழுங்கிக்கிட்டுத்தான் படுத்திருந்திருக்கார்" என்றாள் மெதுவாக. "ஏமாந்துட்டேன்னு தெருவுல சொல்றதுக்கு பதிலா, ஜெயிலுக்கே போறேங்கறார். இந்த மனுஷனை நான் எப்படிங்க..." முடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ரம்பம் இந்த வீட்டுக் கரண்ட்ல ஓடலை" என்றார் செக்கர். "ஆனா அதை மரத்தடியில கொண்டுபோய்ப் போட்டவன், இங்க கரண்ட் இருந்துச்சுன்னு நம்பியிருக்கான். இவர் அடிச்ச ஜம்பத்தை வேதவாக்கா எடுத்துக்கிட்டவன். தெருவே கரண்ட் இல்லாம கிடக்கிற நாளாப் பார்த்து அறுத்திருக்கான். மத்த நாள்ல எந்த வீட்டு ரம்பம்னு கேள்வி வரும். அன்னைக்கு வராது. வாங்க, மேல போலாம்."

மாடியில் கால் வைக்க முடியாத சூடு. பேனல்கள் மேல் காக்கை எச்சம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒன்றைக்கூட எவரும் தண்ணீர் ஊற்றிக் கழுவியதாகத் தெரியவில்லை. எச்சம் மூடினாலும் கரண்ட் குறையும் என்று டைக்காரனே சொன்னான், கேட்காமலேயே. அவனுக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது போலிருந்தது.

செக்கர் அவனைக் கவனிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாடிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான். அந்த மாடியில் பலா இலை மெத்தை போலக் கிடந்தது. மரம் சாயும்போது உதிர்ந்த பச்சை இலை, இரண்டு நாளில் வாடிச் சுருண்டிருந்தது.

"மாப்பிள்ளை, தாண்டுவீங்களா?"

"தாண்டுவேன். விழுந்தா உங்க பொண்ணு விதவை."

"ஒரு முழம்தான். விழ மாட்டீங்க. விழுந்தாலும் அவ சமாளிச்சுக்குவா."

மாப்பிள்ளை தாண்டினார். "அந்த இலையைக் காலால ஒதுக்குங்க" என்றார் செக்கர். ஒதுக்கினார். கீழே தளம் பச்சையாக இருந்தது. பாசி. இன்னும் ஒதுக்கினார். பாசியின்மேல் நூல் பிடித்து அடித்த நீலக் கோடு ஒன்று தெரிந்தது. கோட்டைத் தொடர்ந்து இலையைத் தள்ளிக்கொண்டே போனார். கோடு திரும்பியது. மறுபடி திரும்பியது. நீள்சதுரம். மூலைக்கு மூலை சின்னச் சிலுவைக் குறி.

"இது என்ன மாமா, பாண்டி ஆட்டமா?"

செக்கர் போஸ்ட்மாஸ்டர் மாடியின் தரையைக் கைகாட்டினார். பேனல் கால்களின் அடியில் அதே நீலம், மழையில் பாதி அழிந்து.

"பாசி எங்க பிடிக்கும்?" என்று டைக்காரனைக் கேட்டார்.

"வெயில் படாத இடத்துல சார்."

"வெயிலே படாத இடத்துல வெயில் பலகைக்கு யாராவது அளந்து கோடு போடுவானா?"

டைக்காரன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"கோட்டுக்கு மேல இலை கிடக்கு" என்றார் செக்கர். "மரம் விழுந்தப்புறம் போட்ட கோடு இல்ல. மரம் நிக்கிறப்பவே போட்டது. நட்டநடு நிழல்ல நின்னுக்கிட்டு அளந்திருக்கீங்க. மரம் போகப் போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னா? சொல்லலைன்னா, கிழவன் கால் போனதுல நீங்களும் கூட்டாளி."

"ஐயோ சார்!" அவன் பை கீழே விழுந்தது. "பர்னிச்சர்காரர்தான் போன வாரம் கூப்பிட்டார். போஸ்ட்மாஸ்டர் வீட்டைவிட ரெண்டு பேனல் அதிகமா வேணும்னார். நான் சொன்னேன் சார், மரம் இருக்கே, போட்டாலும் பிரயோஜனம் இல்லைன்னு. இதை மட்டும் சொன்னேன் சார், சத்தியமா! 'மரத்தைப் பத்தி நீ கவலைப்படாதே, அது போயிடும், அளந்துட்டுப் போ'ன்னார். அப்பா வெச்ச மரம், அவர் இருக்கிற வரைக்கும் தொட விட மாட்டார், வேற வழி பார்க்கணும்னு சிரிச்சார். நான் ஆர்டர் கிடைச்சுதேன்னு கிளம்பிட்டேன்."

"கிளம்பிட்டீங்க" என்றார் செக்கர். "ஆர்டர் கிடைச்சா வேற என்ன வேணும்."

மாப்பிள்ளை போன் போட்டு வரவழைத்த இன்ஸ்பெக்டர் பக்கத்து வீட்டு மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பர்னிச்சர்காரரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அப்பாவுக்கு மாற்று வேட்டி எடுக்க வந்தாராம். தடித்த மனிதர். அழுது அழுது கண் சிவந்திருந்தது. அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் செக்கருக்கும் பட்டது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"அந்த ஆளை ஜெயில்ல தள்ளுங்க சார்" என்றார் பர்னிச்சர்காரர். "எங்கப்பா இனிமே நடக்க மாட்டார்."

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்றார் செக்கர்.

"கடையில. மரம் விழுந்துடுச்சுன்னு சொல்லி அனுப்பினாங்க, ஓடி வந்தேன்."

"கடையில என்ன ரம்பம் வெச்சிருக்கீங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

செக்கர் குனிந்து, அடிமரத்தின் பக்கத்தில் பாலில் தோய்ந்து கட்டி தட்டிக் கிடந்த மரத்தூளை ஒரு கை அள்ளினார். இன்ஸ்பெக்டரின் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். "பெட்ரோல் வாடை."

"கரண்ட் ரம்பம் பெட்ரோல் குடிக்காது. இது பெட்ரோல் ரம்பத்துல அறுத்த தூள். அதுக்கு எந்த வீட்டுக் கரண்ட்டும் வேணாம். போஸ்ட்மாஸ்டர் ரம்பத்தை மாடிப்படியிலேருந்து எடுத்து வந்து இங்க போட்டது, ஜோடனை. சார், இவர் கடைப் பின்கட்டுல போய்ப் பாருங்க. சங்கிலி இடுக்குல பலாப்பால் பிசினா இறுகியிருக்கும். எண்ணெய் போட்டுத் துடைச்சாலும் அது அவ்வளவு சுலபமா போகாது."

"என் மரத்தை நானே வெட்டி, எங்கப்பாவையே கொல்லப் பார்ப்பேனா?" பர்னிச்சர்காரர் குரல் உயர்ந்தது. தெருவில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள். "நான் மனுஷன்தானே?"

"உங்க ஸ்கூட்டர் எப்பவும் எங்க நிக்கும்?"

அந்த ஆளின் கண் தெருப் பக்கம் போனது.

செக்கர் அடிமரத்துக்குக் கீழே தெரிந்த சிமென்ட் பலகையைக் காலால் தட்டினார். "இங்க. எண்ணெய்க் கறை இருக்கு. வெயில் படக்கூடாதுன்னு தினமும் இங்க நிக்கிற வண்டி. இப்ப தெருவுல நிக்குது. மரம் விழுந்தப்புறம் எடுத்திருந்தா தகடாத்தான் எடுத்திருக்கணும். ஒரு கீறல் இல்ல. மரம் விழுறதுக்கு முன்னாடியே யாரோ நகர்த்தி வெச்சிருக்காங்க. நீங்க கடையில இருந்தீங்கன்னா, சாவியில்லாம வண்டி தானா நடந்து போச்சா?"

கூட்டம் மொத்தமாகத் திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தது.

"வண்டியை நகர்த்தணும்னு தோணிச்சு" என்றார் செக்கர். "கண்ணாடிக்கு உறை போடணும்னுகூடத் தோணிச்சு. ரெண்டடி தள்ளி இருக்கிற ஷெட்டுக் கதவைத் திறந்து பார்க்கணும்னு தோணலை."

பர்னிச்சர்காரர் மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எப்பவும் மத்தியானம் வாசகசாலைக்குப் போயிடுவார்" என்றார், யாரையும் பார்க்காமல். "பேப்பர் படிக்க. தினமும் போவார். அன்னைக்கும் போயிருப்பார்னு..."

"வாசகசாலையிலயும்தான் கரண்ட் இல்ல" என்றார் செக்கர். "ஃபேன் இல்லாத இடத்துல போய் உட்காருவாரா? மரத்தடி குளுகுளுன்னு இருக்கும்னு ஷெட்டுல கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கார். அவர் வெச்ச மரத்தோட நிழலை நம்பிப் படுத்திருக்கார்."

இன்ஸ்பெக்டர் அந்த ஆளின் தோளில் கை வைத்தார். "பக்கத்து வீட்டுக்காரனைவிட ரெண்டு பேனல் அதிகம் வேணும். அதுக்காகவாய்யா?" அந்த ஆளை எழுப்பி ஜீப்பில் ஏற்றினார். ஜீப் கிளம்பும்போது கூட்டத்தில் ஒருத்தர் டைக்காரனிடம், மரம் போய்விட்டதால் இப்போது இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நல்ல வெயில் வருமா என்று தணிந்த குரலில் விசாரித்துக்கொண்டிருந்தார். டைக்காரன் அட்டையை நீட்டினான். செக்கர் மறுபடி காறித் துப்பினார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் புதிதாக ஒரு வாக்குமூலம் எழுத வைத்தார். போஸ்ட்மாஸ்டர் முதலில் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிராக இருந்தது. அதை மாற்றிக் கொடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். பெரிதாக ஒன்றுமில்லை. சம்பவத்தன்று என் வீட்டிலும் மின்சாரம் இல்லை, ஃபேன் ஓடவில்லை, முன்பு சொன்னது தவறு என்று மூன்று வரி. கீழே கையெழுத்து.

போஸ்ட்மாஸ்டர் பேனாவை வாங்கினார். படித்தார். பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"சார், இந்த ஃபேன் ஓடலைங்கற வரி... அவசியமா?"

"அதுதான்யா முக்கியமே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோர்ட்டுல இதைச் சத்தமா வாசிப்பாங்களா? தெருக்காரங்க வருவாங்களா?"

"ஜெயிலுக்குப் போறீங்களா, வீட்டுக்குப் போறீங்களா?"

"வீட்டுக்குத்தான். ஆனா நான் அத்தனை பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன் சார்..."

சுவரோரம் நின்ற அவர் சம்சாரம் இந்தத் தடவை அழவில்லை. புருஷனைப் புதிதாகப் பார்க்கிறவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேர் எதிரில் ஒரு கிழவனின் கால் போனதைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை செக்கரும் கவனித்தார், அவளும் கவனித்தாள்.

செக்கர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சாமான்மேல தப்பு இல்ல. நம்ம மாடியில நிழலே கிடையாது. தளத்தை முதல்ல சரி பண்ணிடலாம். நிழல், பேட்டரி, ஒழுகல், சர்வீஸ், எல்லாத்தையும் கேட்டு, சின்ன எழுத்தையெல்லாம் கண்ணாடி வெச்சுப் படிச்சுட்டுப் போட்டா லாபம்தானே?"

"கேக்கலாம் மாப்பிள்ளை. நீங்க நல்லா வாய் வலிக்கக் கேப்பீங்க. பதில் சொல்றவன் நிஜம் சொல்றான்னு எவன் வந்து எனக்குச் சொல்லுவான்?"

"இப்படியே எதையும் நம்பாம இருந்தா எப்படி மாமா?"

"இருந்துட்டேனே இத்தனை நாளா. வண்டியை நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் நடந்து வர்றேன்."

படியிறங்கும்போது, திறந்த ஜன்னல் வழியாக போஸ்ட்மாஸ்டரின் குரல் கேட்டது. தணிந்து, கெஞ்சுகிற குரல்.

"சார், ஓடலைன்னு போடறதுக்கு பதிலா, 'வேகமா ஓடலை'ன்னு போட்டுக்கலாமா?"

செக்கர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் இறங்கி நடந்துகொண்டே இருந்தார்.